பழைய காருக்குப் புது மீட்டர்: பொருத்தம் பார்க்காமல் செய்யும் தவறுகள்

டேங்க்கை நிரப்பிவிட்டு வெளியே வந்தால் பெட்ரோல் மீட்டரின் முள் கீழே கிடக்கிறது. மதுரை மாட்டுத்தாவணி பக்கம் பெட்ரோல் தீர்ந்து வண்டி நிற்கும்போது அதே முள் ‘முழு டேங்க்’ என்கிறது. பழைய அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் புது மீட்டர் மாட்டியவர்களிடம் அடிக்கடி கேட்கிற புகார் இது. கடைக்காரரோடு சண்டைக்குப் போய்ப் பயனில்லை. மீட்டரும் நல்லதாக இருக்கும், டேங்க்குக்குள் இருக்கும் சென்சாரான டேங்க் யூனிட்டும் நல்லதாக இருக்கும். இரண்டுக்கும் பொருத்தம்தான் பார்த்திருக்க மாட்டார்கள்.

டேஷ்போர்டு மீட்டர் தானாக எதையும் அளப்பதில்லை. டேங்க்குக்குள் மிதவை ஏறி இறங்கும்போது டேங்க் யூனிட்டின் மின்தடை மாறுகிறது. முள் காட்டுவது அந்த மாற்றத்தைத்தான். எத்தனை ஓம் வந்தால் காலி, எத்தனை ஓம் வந்தால் நிறைவு என்பதில் ஆளுக்கொரு கணக்கு. ஐரோப்பிய விடிஓ நிறுவனத்தின் வகையில் காலி 10 ஓம், முழு டேங்க் 180 ஓம். அமெரிக்காவில் தனியாக விற்கும் மீட்டர்கள் பலவற்றில் காலி 240, முழு 33. பழைய ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் காலி 0, முழு 90. முதல் வகை டேங்க் யூனிட்டோடு இரண்டாம் வகை மீட்டரைச் சேர்த்தால் காலி டேங்க்கின் 10 ஓமைப் பார்த்து முள் மேல் கோட்டையும் தாண்டி நிற்கும். ‘ஒரு ரெசிஸ்டர் போட்டால் சரியாகிவிடும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திசையே தலைகீழாக இருக்கும்போது ரெசிஸ்டரால் ஒன்றும் ஆகாது. திசை ஒன்றாக இருந்தாலும், ஒரு ரெசிஸ்டரைக் கொண்டு ஒரு முனையைச் சரிசெய்தால் மறுமுனை தவறிவிடும்.

எனவே வாங்கப் போவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் டேங்க் யூனிட்டை வெளியே எடுங்கள். மல்டிமீட்டரை ஓம் நிலைக்குத் திருப்பி, ஒரு முனையை ஒயர் மாட்டும் இடத்திலும் மறுமுனையை உலோக மூடியிலும் வைத்து, மிதவைக் கையைக் கீழிருந்து மேலே மெதுவாகத் தூக்குங்கள். இரண்டு எல்லைகளிலும் வரும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் எண் திடீரென்று எகிறினால் உள்ளே சுற்றியிருக்கும் கம்பி தேய்ந்துவிட்டது. அந்த யூனிட்டுக்குப் பொருத்தமான மீட்டரைத் தேடி அலைவது வீண். வேலை செய்கிறதா என்று பார்க்க அதற்கு நேராக 12 வோல்ட் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அது பெட்ரோல் டேங்க்குக்குள் இருக்கும் பொருள்.

அளந்த பிறகும் பொருந்தவில்லை என்றால் எதை மாற்றுவது? என்னைக் கேட்டால் டயலைத் தொடாதீர்கள், சென்சாரை மாற்றுங்கள் என்பேன். அம்பாசிடர் உற்பத்தி 2014-இலேயே நின்றுவிட்டது. பழைய டயலின் முகம் ஒருமுறை போனால் போனதுதான். சென்சாரோ யார் கண்ணிலும் படாமல் உள்ளே கிடப்பது.

இன்னொரு தவறு ஸ்டெபிலைசரை மறப்பது. வீட்டு ஃபிரிட்ஜுக்கு வைப்பதைச் சொல்லவில்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சிறிய தகரப் பெட்டியைச் சொல்கிறேன். 1960களின் நடுவிலிருந்து பல பிரிட்டிஷ் கார்களில் பெட்ரோல், வெப்ப மீட்டர்களுக்கு 12 வோல்ட் நேராகப் போகாது. இந்தப் பெட்டி அதைச் சராசரியாக 10 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும். அந்த இணைப்பில் 12 வோல்ட்டுக்கான புது மீட்டரை மாட்டினால் முள் குறைத்துக் காட்டும். பழைய மீட்டருக்கு நேராக 12 வோல்ட் கொடுத்தால் கூட்டிக் காட்டும், நாளாவட்டத்தில் உள்ளே இருக்கும் சுருளும் கருகும். பெட்ரோல், வெப்பம் இரண்டு முள்ளும் ஒரே நேரத்தில் ஏறிப்போய் நின்றால் சென்சார்களைச் சந்தேகிக்காதீர்கள். ஸ்டெபிலைசரையும் அதன் எர்த்தையும் முதலில் பாருங்கள்.

வெப்ப சென்சாரில் மின்தடை சூடு ஏற ஏறக் குறையும், ஆனால் ஒரே சீராகக் குறையாது. ஒரு வெப்பநிலையில் பொருந்தியதை வைத்து எல்லாம் பொருந்திவிட்டது என்று முடிவுசெய்யக் கூடாது. ஒரு பாத்திரத் தண்ணீரில் சென்சாரின் நுனியைத் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்கி, 40, 60, 80, 95 டிகிரிகளில் ஓம் அளவை எழுதி, மீட்டர் தயாரித்தவர் தரும் அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

சென்சாரைத் திருகி மாட்டும் மரையிலும் கவனம் வேண்டும். குழாய் மரையான எட்டில் ஒரு அங்குலமும், பத்து மில்லிமீட்டர் மெட்ரிக் மரையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றிரண்டு சுற்று கையாலேயே ஏறும், பிறகு இறுகும். அங்கே ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால், அலுமினிய எஞ்சின் ஹெட்டாக இருந்தால் மரை போய்விடும். அதன்பின் லேத் பட்டறைதான் கதி. கசியக் கூடாது என்று டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றுவதும் ஆகாது. ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த் கிடைப்பதே அந்த மரை வழியாகத்தான்.

ஆயில் பிரஷரில் நடக்கும் குழப்பம் வேறு. எச்சரிக்கை விளக்குக்கான சுவிட்சும் மீட்டருக்கான சென்சாரும் ஒரே இடத்தில், ஒரே ஒயரோடு உட்காரும். சுவிட்சுக்குத் தெரிந்தது எரிவதும் அணைவதும் மட்டும். அதில் மீட்டரை இணைத்தால் முள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தாவும். 5 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) சென்சாரை 10 பார் மீட்டரோடு சேர்த்தாலும் எண் பொய்யாகத்தான் வரும்.

ஆம்பியர் மீட்டர் இருக்கும் காரில் பேட்டரிக்குச் சார்ஜ் தரும் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டுகிறவர்கள் உடனே கவனிக்க வேண்டும். ஸ்டார்ட்டர் நீங்கலாக வண்டியின் மின்னோட்டம் கிட்டத்தட்ட முழுவதும் அந்த மீட்டர் வழியே போகிறது. லூகாஸ் சி40 டைனமோ 22 ஆம்பியர் தரும்; ஆல்டர்னேட்டர் அதைவிட அதிகம் தள்ளும். பழைய மீட்டரும் ஒயரும் அதைத் தாங்காமல் சூடேறினால் தீப்பிடிக்கும். வோல்ட்மீட்டருக்கு மாறுவது நல்லது. ஆனால் ஆம்பியர் மீட்டரின் இரண்டு ஒயர்களை அப்படியே அதில் மாட்டினால் வண்டிக்கு மின்சாரமே போகாது. அந்த இரண்டையும் ஒன்றாக இணைத்து நன்றாக மூடிவிட்டு, வோல்ட்மீட்டருக்குச் சாவியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தனி ஒயரும் ஒரு எர்த்தும் கொடுக்க வேண்டும்.

ஸ்பீடோமீட்டரில் கேபிள் பொருந்துகிறது என்பதை மட்டும் பார்க்காதீர்கள். பழைய ஸ்மித்ஸ் நிறுவன டயல்களில் சிறிதாக ஓர் எண் இருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று என்பது அது. கிலோமீட்டர் டயலில் அதே இடத்தில் கிலோமீட்டருக்கான சுற்று. ஒரே அலகுக்கு மாற்றிப் பார்த்தால் பழைய எண்ணும் புது எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

டேஷ்போர்டை மூடுவதற்கு முன் டேங்க்கிலிருந்து சேஸிஸுக்கு ஒரு தனி எர்த் ஒயர் போட்டுவிடுங்கள். துருவேறிய பழைய போல்ட்டை நம்ப முடியாது. பிறகு காலி டேங்க்கில் ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி முள் எங்கே நிற்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். வெப்ப மீட்டரைச் சோதிக்கச் சித்திரை வெயிலில் திண்டுக்கல் தாண்டிச் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிப் பாருங்கள். ரேடியேட்டருக்கு ஒரு கேன் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்க வேண்டாம்.