ஏழரைக்கு மேட்ச், ஒன்பதுக்கு சீரியல்: டிவி நேரத்தை நம்புவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவல்லிக்கேணியில் எங்கள் பெரியம்மா வீடு இருக்கிறது. சேப்பாக்கம் மைதானம் அங்கிருந்து கூப்பிடு தூரம். ஒரு ஐ.பி.எல். இரவில் ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, என் கையில் செல்போனிலும் அதே மேட்ச், ஜன்னல் திறந்திருந்தது. முதலில் ஜன்னல் வழியாக 'ஓ'வென்று ஒரு சத்தம். சில நொடி கழித்து டிவியில் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது. செல்போனில் அப்போதுதான் பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்கியிருந்தார். மூன்றும் நேரலைதான்.

நேரலை என்றால் எல்லோருக்கும் ஒரே நொடி என்று நினைப்பதுதான் முதல் தவறு. மைதானத்துக் காட்சி சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளுக்குப் போய்த் திரும்புகிறது. அப்புறம் கேபிள் கட்டுப்பாட்டு அறை, அப்புறம் நம் செட்டாப் பாக்ஸ். ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் தாமதம் சேருகிறது. செல்போன் செயலியிலோ காட்சியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, சிலவற்றைக் கையிருப்பில் வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள். நடுவில் படம் நிற்காமல் இருக்க அது தேவை. அதனால் அரை நிமிடம் பின்தங்குவது சாதாரணம். கடைசி ஓவரைச் செல்போனில் பார்ப்பவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் அறிவிப்பை அணைத்துவிடுவது நல்லது. மதுரையில் டிவி பார்க்கும் மாமா அனுப்பும் பட்டாசுப் படம் உங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடும்.

அடுத்தது முடியும் நேரம். ஐ.பி.எல். இரவு ஆட்டங்கள் 2019 வரை 8 மணிக்குத் தொடங்கின, இப்போது 7:30. டாஸ் 7 மணிக்கு. ஒரு இன்னிங்ஸுக்கு 90 நிமிடம், நடுவில் 20 நிமிட இடைவேளை. கூட்டிப் பார்த்தால் 10:50க்கு முடிய வேண்டும். ஆனால் பல இரவுகளில் 11ஐத் தாண்டிவிடுகிறது. அட்டவணையில் தொடங்கும் நேரத்தைத்தான் நம்பலாம், முடியும் நேரம் ஓர் உத்தேசம்.

இதில் எங்கள் சித்தப்பா பட்ட பாடு எனக்கு மறக்காது. 2023 ஐ.பி.எல். இறுதிப் போட்டி மே 28, ஞாயிற்றுக்கிழமை அகமதாபாத்தில் நடந்திருக்க வேண்டியது. மழையால் திங்கட்கிழமைக்குப் போனது. அன்றும் சென்னை ஆடத் தொடங்கி மூன்றே பந்தில் மழை. காலை ஷிப்ட் இருந்ததால் சித்தப்பா ரெக்கார்டிங்கை 12 மணி வரை போட்டுவிட்டுப் படுத்துவிட்டார். ஆட்டம் மறுபடி தொடங்கியது 12:10க்கு. 15 ஓவரில் 171 என்ற இலக்கு, கடைசி இரண்டு பந்தில் 10 ரன், ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி. சித்தப்பாவின் பெட்டியில் இருந்ததெல்லாம் ஊழியர்கள் பஞ்சை வைத்து ஈரத்தை ஒற்றியெடுக்கும் காட்சி. ரெக்கார்டிங் போடுகிறவர்கள் மேட்சை மட்டும் தேர்ந்தெடுக்காமல், அதே சேனலில் அடுத்து வரும் இரண்டு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் போடுங்கள். பெட்டிக்கு மழை தெரியாது, கடிகாரம் மட்டும்தான் தெரியும்.

வெளிநாட்டு ஆட்டங்களில் தேதி ஏமாற்றும். 2014 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டி ரியோவில் ஜூலை 13 மாலை 4 மணிக்கு. சென்னையில் அது ஜூலை 14, நள்ளிரவு 12:30. மறுநாள் இரவு டிவி முன் உட்கார்ந்தால் மறுஒளிபரப்புதான் கிடைக்கும். இங்கிலாந்தில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுகிறார்கள், நாம் மாற்றுவதில்லை. அங்கே மாலை 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே கோடையில் 7:30, குளிர்காலத்தில் 8:30. போன மாத நேரத்தை இந்த மாதமும் நம்பாதீர்கள்.

இனி, எனக்கு மிகவும் ஆதங்கம் தரும் விஷயம். இந்திய அணி ஆடும் ஒருநாள் போட்டி தூர்தர்ஷனில் வருகிறது என்று அறிவிப்பு வரும். வீட்டில் கேபிள் இருக்கிறது, அதில் தூர்தர்ஷனும் வருகிறது, அப்புறமென்ன என்று விளையாட்டு சேனலுக்குப் பணம் கட்டாமல் விட்டிருப்பார்கள். நேரத்துக்கு டிவியைப் போட்டால் அங்கே வேறு ஏதோ நிகழ்ச்சி ஓடும். பாவம், கேபிள்காரருக்குத் திட்டு விழும். அவர் மேல் தவறே இல்லை. தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று அறிவிக்கப்பட்ட போட்டிகளின் ஒளிபரப்பை, உரிமை வாங்கிய தனியார் சேனல், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அப்படிப் பகிர்ந்ததை தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் தன் சொந்த இலவச டிஷ்ஷிலும் (டிடி ஃப்ரீ டிஷ்) மட்டும்தான் காட்டலாம், தனியார் கேபிள், டிஷ் வழியாகப் போகக் கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆகவே ஒரே டிடி சேனல், இலவச டிஷ் வைத்திருக்கும் வீட்டில் மேட்ச் காட்டும், கேபிள் வீட்டில் காட்டாது. ஐ.பி.எல். அந்தச் சட்டப் பட்டியலிலேயே இல்லை. மாதக் கட்டணம் கட்ட முடியாத வீடுகளுக்கு, ஒரு தடவை செலவழித்து இலவச டிஷ் வைத்தால் இந்திய அணியின் ஒருநாள், டி20 ஆட்டங்களாவது கிடைக்கும் என்று யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

சரி, சீரியலுக்கு வருவோம். பெரியம்மா பார்த்துக்கொண்டிருந்த தொடர் ஒன்றை 8:30லிருந்து 10 மணிக்குத் தள்ளிவிட்டார்கள். "ஊரே பாக்குதேடா, ஏன் மாத்தினாங்க? முடிக்கப் போறாங்களா?" என்று கேட்டார். இரண்டு கேள்வியிலும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ஊர் பார்ப்பது கணக்கில் வராது. யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் பார்க் (BARC) அமைப்பு, நாடு முழுவதும் தேர்ந்தெடுத்த சில வீடுகளில் மட்டும் மீட்டர் வைத்திருக்கிறது, அந்த வீடுகள் பார்ப்பதுதான் டி.ஆர்.பி. கணக்கு. சனி முதல் வெள்ளி வரை ஒரு வாரம், எண்கள் வருவது அடுத்த வியாழக்கிழமை. அதைப் பார்த்துத்தான் சேனலின் நிகழ்ச்சிப் பிரிவு அட்டவணையில் கைவைக்கிறது. நேரம் மாறினால் தொடர் தோற்றுவிட்டது என்றும் அர்த்தமில்லை. முந்தைய நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் ரிமோட்டை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள் என்பது சேனல்களின் பழைய கணக்கு. புதுத் தொடரை நல்ல இடத்தில் உட்காரவைக்க, எந்த நேரத்தில் போட்டாலும் தேடி வந்து பார்ப்பார்கள் என்று நம்பிக்கையுள்ள பழைய தொடரை நகர்த்துவதும் உண்டு. பெரியம்மா மாதிரி விசுவாசமான ஆட்கள் இருப்பதே அந்தத் தொடர் நகர்ந்ததற்குக் காரணமாக இருக்கலாம்.

இரண்டு தொடர்களின் கதையை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் மகாசங்கமம் வரும் வாரங்களில் கூடுதல் கவனம் வேண்டும். இரண்டு தொடர்களின் இரண்டு அரை மணி நேரமும் சேர்ந்து ஒரே ஒரு மணி நேரமாகும். இரண்டாவது தொடரை மட்டும் பார்ப்பவர் வழக்கமான நேரத்துக்கு வந்தால் பாதிக் கதை போயிருக்கும். செட்டாப் பாக்ஸில் தெரியும் நிகழ்ச்சிப் பட்டியல் இந்த மாதிரி மாற்றங்களுக்குச் சில சமயம் பிந்திவிடுகிறது. சேனல் அன்றன்று போடும் ப்ரோமோவை நம்புங்கள்.

ஒரே டிவி உள்ள வீடுகளில் ஏப்ரல், மே மாதங்களில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. எப்போதும் சீரியல்தான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று வீட்டு ஆண்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். இது நியாயமில்லை. கொஞ்சம் கணக்குப் போட்டால் போதும். விதிப்படி ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 12 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. முந்தைய நாள் கதையையும் தலைப்புப் பாட்டையும் கழித்தால் அரை மணி நேரத் தொடரில் புதிய கதை இருபது நிமிடம்கூடத் தேறாது. 7:30 மேட்ச்சின் இன்னிங்ஸ் இடைவேளையும் இருபது நிமிடம், பெரும்பாலும் 9 மணியை ஒட்டித்தான் வரும்.

பெரியம்மா வீட்டில் இப்போது அதுதான் ஏற்பாடு. பத்தாவது விக்கெட்டோ இருபதாவது ஓவரோ முடிந்தவுடன் ரிமோட் அவர் கைக்குப் போய்விடும். 9 மணித் தொடர் ஓடும்போது யாரும் ஸ்கோர் கேட்கக் கூடாது. இரண்டாவது இன்னிங்ஸ் தொடங்கியதா என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ஜன்னல் இருக்கிறது.