பழைய ரத்தினச் சுரங்கத்தில் பங்கு வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

இங்கே தென்னாப்பிரிக்காவில், போன மாதம் சாட்ஸ்வொர்த்திலிருந்து சித்தப்பா ஒரு வண்ணக் கையேட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். முதல் பக்கத்திலேயே பச்சைப் பசேலென்று ஒரு மரகதம். "லிம்போபோ மாகாணத்துல பழைய சுரங்கத்தைத் திறக்கப்போறாங்களாம்மா, பங்கு வாங்கட்டுமா?" என்று கேட்டார். பணி ஓய்வில் வந்த தொகை அவர் கையில் இருக்கிறது. நான் டர்பனில் கணக்கெழுதும் வேலை செய்கிறேன். இதே மாதிரி ஒரு சிறு நிறுவனத்தில் 15,000 ராண்ட் போட்டு, ஒரு காசு திரும்பாமல் இழந்திருக்கிறேன். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: உரிமை யார் பேரில் இருக்கிறது?

நிலம் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கலாம். அதற்கடியில் உள்ள கனிமத்துக்கு அரசே பாதுகாவலர். 2004 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கும் கனிமவளச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எனவே "பண்ணையை வாங்கிவிட்டோம்" என்ற பேச்சைக் கணக்கில் எடுக்காதீர்கள். தேடுதல் உரிமை 5 ஆண்டு வரை, ஒருமுறை மட்டும் 3 ஆண்டு நீட்டிப்பு. சிறு சுரங்க அனுமதி 5 ஹெக்டேருக்கு மேல் கிடையாது. முழுச் சுரங்க உரிமை 30 ஆண்டு வரை. கையேட்டில் "உரிமை பெற்றது" என்று போட்டிருந்தால், இந்த மூன்றில் எது என்று எழுத்தில் கேளுங்கள். தேடுதல் உரிமை மட்டும் இருந்தால், அமைச்சரின் எழுத்துப்பூர்வ அனுமதியில்லாமல் எடுத்த கல்லை விற்கக்கூட முடியாது.

படி 2: விற்பவர் யார்?

நிறுவனப் பதிவு எண்ணை வாங்கி நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான சிஐபிசியின் தளத்தில் இயக்குநர்களின் பெயரைப் பாருங்கள். பங்கு வாங்கச் சொல்லி ஆலோசனை தருபவருக்கு நிதித் துறையைக் கண்காணிக்கும் எஃப்எஸ்சிஏ தந்த உரிம எண் இருக்க வேண்டும். பொதுமக்களிடம் பங்கு விற்பதென்றால் பதிவு செய்யப்பட்ட முதலீட்டு விளக்க அறிக்கை தேவை. வண்ணக் கையேடு அதற்கு ஈடாகாது. கோயிலில் பழகியவர் சொன்னார் என்பதற்காக இந்தப் படியைத் தாண்டாதீர்கள். நான் தாண்டியது இங்கேதான்.

படி 3: கல் உண்மையில் எவ்வளவு?

"அந்தக் காலத்தில் இங்கே கோடிக்கணக்கான கேரட் எடுத்தார்கள்" என்று பெருமையாகச் சொல்வார்கள். எடுத்தது போய்விட்டது. மிச்சம் இருப்பதைச் சொல்வது சாம்ரெக் என்ற கனிம மதிப்பீட்டு விதிமுறைப்படி தகுதிபெற்ற நிபுணர் எழுதிய அறிக்கை. அதில் 'ஊகிக்கப்பட்ட', 'சுட்டிக்காட்டப்பட்ட', 'அளக்கப்பட்ட' என்று நம்பிக்கை ஏறும் வரிசையில் மூன்று தரத்தில் கனிம அளவு இருக்கும். ஊகிக்கப்பட்ட அளவை மட்டும் காட்டினால் அது நம்பிக்கை குறைந்த மதிப்பீடு. அதை வைத்து லாபக் கணக்குப் போடக்கூடாது.

வைரச் சுரங்கத்தில் வளத்தை நூறு டன் பாறைக்கு இத்தனை கேரட் என்று அளப்பார்கள். 20 கேரட் என்றால் பெரிதாகத் தோன்றும். ஒரு கேரட் 0.2 கிராம், ஆக, நூறு டன் பாறையை உடைத்தால் கிடைப்பது 4 கிராம் வைரம். தங்கம்போல் ரத்தினத்துக்கு அன்றாடச் சந்தை விலை கிடையாது. மரகதத்தில் நிறம், தெளிவு, விரிசல் எல்லாம் விலையை மாற்றும். அதனால் ஒரே கேள்வியை அழுத்திக் கேளுங்கள்: இந்தச் சுரங்கத்தின் மாதிரிப் பாறையை உடைத்து, வந்த கல்லை யாருக்காவது விற்றீர்களா? கேரட்டுக்கு என்ன விலை வந்தது?

படி 4: தண்ணீர்

பழைய சுரங்கம் மூடிக் கிடந்தால் குழியில் தண்ணீர் தேங்கும். அதை இறைக்க வேண்டும், சரிந்த பாதையைத் தாங்கு கொடுத்து நிறுத்த வேண்டும். முதல் கல் வெளிவருமுன்பே பணம் கரையும்.

ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் க்ரூன்ஸ்டாட் அருகே லேஸ் வைரச் சுரங்கம் 1930களில் மூடப்பட்டது. டைமண்ட்கார்ப் என்ற சிறு நிறுவனம், லண்டனிலும் ஜோஹன்னஸ்பர்க்கிலும் பங்குகளைப் பட்டியலிட்டு, அதை மீண்டும் திறந்தது. பல ஆண்டு உழைத்து, நிலத்தடியில் உற்பத்தியை ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில், 2016 நவம்பரில் பெருமழை வந்து சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்தது. கைவசம் பணம் இல்லை. சுரங்கம் பிசினஸ் ரெஸ்கியூவுக்கு (நொடித்த நிறுவனத்தை மீட்கப் பார்க்கும் சட்ட நடைமுறை) போனது; அந்த நிறுவனம் பிறகு எழுந்திருக்கவே இல்லை. பாறையில் வைரம் இருந்தும் இந்தக் கதி. ஆகவே கேளுங்கள்: ஆறு மாதம் ஒரு கல்லும் விற்காவிட்டால் சம்பளமும் மின்கட்டணமும் எதிலிருந்து கொடுப்பீர்கள்?

படி 5: உங்கள் பங்கு எப்படி மெலியும்?

நிறுவனத்தில் 10 லட்சம் பங்குகள், உங்களிடம் 10,000. அதாவது 1 சதவீதம். பணம் தீர்ந்து, இன்னும் 30 லட்சம் பங்குகளைப் புதிதாக வெளியிட்டால் உங்கள் 1 சதவீதம் 0.25 ஆகிவிடும். யாரும் எதையும் திருடவில்லை, சட்டப்படிதான் நடக்கிறது. பெரிய பேர்களுக்கும் இது நேரும்: 3,106 கேரட் வைரம் கிடைத்த கல்லினன் சுரங்கத்தை 2008இல் வாங்கிய பெட்ரா நிறுவனம், 2021இல் கடனைப் பங்காக மாற்றியபோது 91 சதவீதப் பங்கு கடன் கொடுத்தவர்கள் கைக்குப் போனது. இனி எத்தனை முறை, எவ்வளவு பணம் திரட்டப்போகிறீர்கள் என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

படி 6: பணம் கொடுக்கும் நாள்

நிறுவனத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். பங்குதாரர் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று நேரில் பாருங்கள். அது உங்கள் உரிமை. தனியார் நிறுவனப் பங்கை நினைத்தபோது விற்க முடியாது, மற்ற பங்குதாரர்களுக்கே முதலில் கொடுக்கச் சொல்லும் விதி இருக்கலாம். லாபத்துக்குப் பதிலாகப் பட்டை தீட்டாத வைரம் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தொடாதீர்கள். உரிமமில்லாமல் அதை வைத்திருப்பதே இங்கே குற்றம்.

சித்தப்பா முதல் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறார். பதில் வரும்வரை ஓய்வுப் பணம் வங்கியிலேயே இருக்கட்டும் என்று சித்தி சொல்லிவிட்டார்.