தோர்தோன் கிராமத்து வீட்டில் ஒரு வாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை நெருங்கினால் நண்பர்களின் பயணத் திட்டங்கள் எனக்கு வர ஆரம்பித்துவிடும். தென்மேற்கு பிரான்சில் தோர்தோன் ஆற்றுப் பக்கம் ஒரு ஜீத் எடுத்திருப்பார்கள். கிராமப்புறத்தில், சமையலறையோடு வாரக்கணக்கில் வாடகைக்கு விடுகிற விடுமுறை வீட்டுக்கு அங்கே அதுதான் பெயர். அங்கிருந்து சுற்றுவட்டாரத்துப் பழைய ஊர்களைப் பார்ப்பது திட்டம். நான் முதலில் போட்ட திட்டங்களில் இருந்த அதே ஓட்டைகள் இவற்றிலும் இருக்கின்றன. கடவுச்சீட்டு, குடை, நல்ல செருப்பு பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. பணமும் நாளும் வீணாகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஒரே நாளில் ஐந்து ஊர்

எனக்கு இன்றுவரை எரிச்சல் தருவது இதுதான். வரைபடத்தில் பேனாக், காஸ்தெல்நோ, லா ரோக் கஜாக், தொம் நான்கும் ஆற்றை ஒட்டி நெருக்கமாக இருக்கும். சார்லா நகரமும் பக்கத்திலேயே. காலையில் கிளம்பினால் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று தோன்றும்.

நண்பர் ஒருவர் ஆகஸ்டில் குடும்பத்தோடு அப்படித்தான் கிளம்பினார். பேனாக்கில் வண்டி நிறுத்த இடம் தேடியதிலேயே காலை கரைந்தது. லா ரோக் கஜாக்கில் ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறு பக்கம் ஆறு, நடுவில் இருப்பது ஒரே சாலை. அங்கே வரிசையில் நின்று, ஊர்ந்து, தொம் மலைமேல் ஏறியபோது மணி இரண்டரை. அந்த ஊர்ப்பக்க உணவகங்களின் சமையலறைகள் பன்னிரண்டுக்குத் திறந்து இரண்டு மணிக்கு மூடிவிடும். குழந்தைகளுக்கு ஐஸ்கிரீம்தான் மதியச் சாப்பாடு. சார்லாவுக்கு வந்து சேர்ந்தபோது யாருக்கும் நடக்கத் தெம்பில்லை. அடுத்த நாள் முழுக்க வீட்டிலேயே படுத்துக் கிடந்தார்கள். ஆக, வாரத்தில் இரண்டு நாள் வாடகை போனது. ஊருக்கு ஊர் வண்டி நிறுத்தக் கொடுத்த காசு தனி.

அதைவிட எனக்கு வலித்தது, திரும்பி வந்ததும் அவர் சொன்னது: "எல்லா ஊரும் ஒரே மாதிரிதான் இருக்கு. மஞ்சக் கல்லு, குறுகின சந்து, ஒரு கோட்டை."

ஒரே மாதிரி இல்லவே இல்லை. பேனாக் கோட்டையும் காஸ்தெல்நோ கோட்டையும் ஆற்றுக்கு இரு கரையிலும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. 1337இல் தொடங்கிய நூறாண்டுப் போரில் பேனாக் பிரெஞ்சு மன்னர் பக்கம். காஸ்தெல்நோ பல காலம் ஆங்கிலேயர் கையில். ஒன்றின் மதில்மேல் நின்று மற்றதைப் பார்த்தால்தான் அந்த அக்கம்பக்கத்துப் பகை புரியும். அதற்கு ஒரு காலை நேரம் முழுசாக வேண்டும்.

தொம், 1281இல் பிரெஞ்சு மன்னர் மூன்றாம் பிலிப் திட்டமிட்டு எழுப்பிய மதில் சூழ்ந்த ஊர். அதன் கோபுர வாசலில் 1307க்குப் பிறகு டெம்ப்ளர் என்ற சிலுவைப்போர்த் துறவி வீரர்களை அடைத்து வைத்திருந்தார்கள். சுவரில் அவர்கள் கீறிய சிலுவைகளும் உருவங்களும் இன்றும் கோபுரத்துக்குள் இருக்கின்றன. வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு போனால் அவை கண்ணில் படாது. லா ரோக் கஜாக்கில் 1957இல் தலைக்கு மேலிருந்த பாறை பெயர்ந்து விழுந்து வீடுகளை நொறுக்கி, உயிர்களையும் பலிகொண்டது. அது தெரிந்தபின் அந்தப் பாறையை அண்ணாந்து பார்க்கும் பார்வையே வேறு.

சார்லா இவ்வளவு முழுமையாக நிற்பதற்குக் காரணம், பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ 1962இல் கொண்டுவந்த சட்டம். தனித்தனிக் கட்டடங்களை மட்டும் காப்பாற்றாமல், பழைய நகரப் பகுதி முழுவதையும் காக்க வழிசெய்த சட்டம் அது. அதன் பயனை முதலில் பெற்ற ஊர்களில் சார்லாவும் ஒன்று. இதையெல்லாம் முக்கால் மணி நேரத்தில் எப்படிப் பார்ப்பது?

நாளுக்கு இரண்டு ஊர் போதும். காலை ஒன்பதுக்குள் ஒன்று, மாலை ஆறுக்கு மேல் ஒன்று. நடுவில் வீட்டுக்கு வந்து சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குங்கள். சமையலறையோடு வீடு எடுத்தது அதற்குத்தானே! சார்லாவை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் வடிந்து, எரிவாயு விளக்குகள் ஏற்றிய பிறகு அந்தச் சந்துகளில் நடக்க வேண்டும்.

சந்தை நாள் பார்க்காமல் கிளம்புவது

வாரத் திட்டத்தை வரைபடத்தில் தொடங்காதீர்கள், கிழமையில் தொடங்குங்கள். சார்லாவில் புதனும் சனியும் சந்தை. லெ பூக் ஊரில் செவ்வாய். சேன் சிப்ரியானில் ஞாயிறு. தொம், மோன்பாசியே இரண்டிலும் வியாழன். பெரும்பாலும் மதியத்தோடு கடைகளைக் கட்டிவிடுவார்கள்.

சனிக்கிழமைச் சந்தையை நம்பாதீர்கள். கோடையில் ஜீத் வாடகை பெரும்பாலும் சனி முதல் சனி வரை. வந்து சேர்வதும் காலி செய்வதும் அன்றுதான், சந்தைக்கு நேரம் இருக்காது.

வியாழனுக்கு என் தேர்வு மோன்பாசியே. 1284இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் பெயரில் நிறுவிய ஊர். அக்கித்தேன் பகுதிக்கு அப்போது அவரே பிரபு. அளந்து போட்ட நேரான தெருக்கள், நடுவில் சதுக்கம், சுற்றிலும் வளைவுத் தாழ்வாரம், ஓரத்தில் மரத்தூண் சந்தைக் கூடம். கூடத்துக்குள் பழைய தானிய அளவைகளை இன்னும் பார்க்கலாம். சந்தையை நடுவில் வைத்துத் திட்டமிட்ட ஊர் அது. வெறும் சதுக்கமாகப் பார்த்தவர்கள் பாதி ஊரைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

குகைகளை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விடுவது

ஆதிமனிதர் வரைந்த ஓவியங்கள் உள்ள லாஸ்கோ குகை 1940இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஓவியங்கள் கெடத் தொடங்கியதால் 1963இல் பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். மோந்தின்யாக்கில் இப்போது நாம் பார்ப்பது 2016இல் திறந்த நகல். மிக நேர்த்தியான நகல், கட்டாயம் பாருங்கள். ஆனால் ஆதிமனிதரின் அசல் வண்ண ஓவியங்களையே பார்க்க ஆசை இருந்தால், லாஸ்கோவை விட்டு லெ ஸேஸி அருகே உள்ள ஃபோன் த கோம் குகைக்குப் போக வேண்டும். நாளுக்கு மிகச் சிலரைத்தான் உள்ளே விடுகிறார்கள். வீட்டை உறுதி செய்த கையோடு அந்தச் சீட்டையும் தேடுங்கள். அங்கே போய்க் கேட்டால் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை

பல ரொட்டிக் கடைகளும் உணவகங்களும் மூடியிருக்கும். ஞாயிறு காலையிலேயே வாங்கி வையுங்கள்.

ஊர்ப் பெயர்ப் பலகை

எண் எதுவும் இல்லாவிட்டாலும், ஊர் எல்லையில் பெயர்ப் பலகையைத் தாண்டினால் வேகம் 50தான். பெயரின் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட பலகை வரும்வரை அதே வேகம். வேறு அடையாளம் இல்லாத சந்திப்புகளில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை. சின்னச் சந்திலிருந்து டிராக்டர் வந்தாலும் நீங்கள்தான் நிற்க வேண்டும்.

பெட்ரோல்

ஞாயிறன்று ஆளில்லா பம்புதான், அட்டை மட்டும்.

படுக்கை விரிப்பு

பல வீடுகளில் வாடகையில் சேராது. கேட்டு எழுதி வாங்குங்கள்.

கூட்டத்துக்குப் பயந்து நவம்பரில் போவது

புனிதர் அனைவர் திருநாளான நவம்பர் 1 தாண்டினால் ஈஸ்டர் வரை பல உணவகங்கள் திறப்பதில்லை. அமைதி வேண்டுமானால் மே, ஜூன், செப்டம்பர். அதிலும் செப்டம்பரின் மூன்றாம் வார இறுதி கிடைத்தால் விடாதீர்கள். 1984இல் பிரான்சில் தொடங்கிய பாரம்பரிய நாட்கள் அப்போதுதான். வழக்கமாகப் பூட்டியிருக்கும் மாளிகைகள், கோபுரங்கள் பலவற்றை அந்த இரண்டு நாள் திறந்துவிடுவார்கள். எது திறக்கிறது என்பதைச் சுற்றுலா அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, அதை வைத்து மற்ற நாட்களை அடுக்குங்கள்.