"எனக்கு ஒன்றுமில்லை": இதய வால்வு நோயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நடந்தா மூச்சு வாங்குதா?" என்று மருத்துவர் கேட்கிறார். "அதெல்லாம் இல்லீங்க டாக்டர்" என்கிறார் நோயாளி. பக்கத்தில் இருக்கும் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "மாடிக்குப் போறதையே விட்டுட்டாரு, அப்புறம் எப்படி மூச்சு வாங்கும்?"

வால்வு நோயில் எல்லாத் தவறுகளுக்கும் தாய்த் தவறு இதுதான். அவர் பொய் சொல்லவில்லை. வால்வு பல ஆண்டுகளாக மெல்ல மெல்லக் கெடும்போது, மனிதரும் தன்னையறியாமல் வேலையைக் குறைத்துக்கொண்டே வருகிறார். முதலில் வேகநடை போகிறது, பிறகு மாடிப்படி, பிறகு கனமான பை. தொந்தரவு தரும் வேலைகளையெல்லாம் நிறுத்திவிட்டால் தொந்தரவு எங்கே தெரியும்?

அதனால் "மூச்சு வாங்குதா" என்ற கேள்வியைவிட, "போன வருடம் செய்து இந்த வருடம் விட்டது எது" என்ற கேள்வி பயனுள்ளது. அதே படிக்கட்டு, அதே தெரு; முன்பு ஒரே மூச்சில் கடந்தவர் இப்போது எங்கே நிற்கிறார்? நடுவில் நின்று செல்போனைப் பார்ப்பதுபோல் பாவனை செய்கிறாரா? இதற்குச் சரியான பதில் பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்களிடம்தான் இருக்கும். மருத்துவரிடம் போகும்போது அவர்களில் ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

இதயத்தில் நான்கு வால்வுகள். ஒன்று சரியாகத் திறக்காமல் சுருங்கலாம், அல்லது சரியாக மூடாமல் ரத்தம் பின்னோக்கிக் கசியலாம். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாசல் அயோர்டிக் வால்வு. பெரியவர்களுக்கு அதன் திறப்பு 3 முதல் 4 சதுர செ.மீ. வரை இருக்கும். அது 1 சதுர செ.மீ.க்கும் கீழே சுருங்கினால் கடுமையான நிலை. அந்த அளவுக்கு வரும்வரைகூட இதயத்தசை தடித்துச் சமாளித்துக்கொண்டிருக்கும். சமாளிக்க முடியாமல் போகும்போதுதான் அறிகுறி வெளியே தெரியும். 1968-இல் வெளியாகி இன்றும் மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லப்படும் ஒரு கணக்கு உண்டு: கடுமையான அயோர்டிக் சுருக்கத்தை அப்படியே விட்டால், நெஞ்சுவலி தொடங்கியபின் சராசரியாக 5 ஆண்டு, மயக்கம் வந்தபின் 3 ஆண்டு, இதயம் பலவீனமாகி மூச்சுத்திணறல் வந்தபின் 2 ஆண்டு. இன்று அறுவைச் சிகிச்சையிலும், பலருக்கு நெஞ்சைத் திறக்காமல் ரத்தக்குழாய் வழியாகவும் வால்வை மாற்ற முடிகிறது. ஆகவே அறிகுறி தெரிந்தபின் "பார்க்கலாம்" என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் விலை உண்டு.

வேறு பெயர் சூட்டுவது

அடுத்த தவறு, அறிகுறிக்கு நாமே ஒரு பெயர் வைத்துவிடுவது. வயசாயிடுச்சு, வெயிட் போட்டுட்டேன், கேஸ், ஆஸ்துமா. இவையெல்லாம் உண்மையாகவும் இருக்கலாம் என்பதால்தான் எளிதில் ஏமாறுகிறோம். சில அடையாளங்களை மட்டும் விட்டுவிடக் கூடாது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தால் சரியாவது. ஒரு தலையணை இரண்டாகி, இரண்டு மூன்றாவது. தூங்கி ஓரிரு மணி நேரத்தில் திணறி எழுந்து ஜன்னலைத் தேடுவது. படுத்தால் மட்டும் வரும் வறட்டு இருமல். மாலையில் சாக்ஸ் தடம் கணுக்காலில் பள்ளமாகப் பதிவது. நெஞ்சு தாறுமாறாகப் படபடப்பது.

நடக்கும்போதோ பளு தூக்கும்போதோ வரும் மயக்கம் இவற்றிலெல்லாம் மோசமானது. "சர்க்கரை இறங்கியிருக்கும்" என்று தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம் அது. இன்னொருவருக்கு எழுதித்தந்த, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை நெஞ்சுவலிக்கு எடுத்துக்கொள்வதும் ஆபத்து. கடுமையான அயோர்டிக் சுருக்கம் இருந்தால் ரத்த அழுத்தம் சட்டென விழலாம்.

இ.சி.ஜி. நார்மல் என்றதும் நிம்மதியாகத் திரும்பிவிடுபவர்கள் நிறைய. வால்வின் நிலையைச் சொல்வது எக்கோ ஸ்கேன். அதேபோல், இதயத்தில் கேட்கும் முணுமுணுப்பு ஓசை மெதுவாக இருப்பதால் நோயும் லேசு என்று எடுத்துக்கொள்ள முடியாது; இதயம் களைத்துப்போனால் ஓசையும் அடங்கும்.

மாத்திரையில் நடக்கும் குளறுபடி

நீர் பிரியும் மாத்திரையை வெளியே கிளம்பும் நாளில் விட்டுவிடுவது ரொம்ப சகஜம். கழிவறை தேட வேண்டியிருக்கும் என்ற தயக்கம் புரிகிறது. நேரத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் கேட்டாலே போதும், பெரும்பாலும் வழி கிடைக்கும். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின் ஒரே தராசில் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது கொழுப்பல்ல, தேங்கும் நீர். கால் வீங்கும்வரை காத்திராமல் போன் செய்யுங்கள்.

தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களுக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடுவார்கள். நன்றாகத்தானே இருக்கிறேன் என்று நிறுத்தினால், அடுத்த தொண்டைத் தொற்றில் காய்ச்சல் திரும்பி வால்வை மேலும் கெடுக்கலாம். இதே நோயால் மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க மேல், கீழ் அறைகளுக்கு இடையில் உள்ளது) சுருங்கிய பெண்களில் சிலருக்கு முதல் அறிகுறியே கர்ப்பத்தில்தான் தெரியும். உடலின் ரத்த அளவு அப்போது 40 முதல் 50 சதவீதம் கூடுவதே காரணம். வால்வு நோய் உள்ளவர்கள் கருத்தரிக்கும் முன்பே எக்கோ பார்த்துப் பேசிவிடுவது நல்லது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது கட்டாயம். முதல் மூன்று மாதத்தில் அது கருவைப் பாதிக்கக்கூடும்.

வால்வு மாற்றியபின்

ஆபரேஷன் முடிந்ததோடு கதை முடிவதில்லை. மெக்கானிக்கல் வால்வு (திசுவால் அல்லாமல் செயற்கைப் பொருளால் செய்தது) வைத்தவர்களுக்கு வார்ஃபரின் போன்ற மாத்திரை ஆயுள் முழுவதும் வேண்டும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வால்வின் வகையையும் இடத்தையும் பொறுத்தது, உங்கள் இலக்கைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரத்தப் பரிசோதனை வேண்டாத புது மாத்திரைக்குத் தாமாக மாறக் கூடாது. அப்படி ஒன்றான டபிகாட்ரானை மெக்கானிக்கல் வால்வில் சோதித்த ஆய்வு, ரத்தக்கட்டியும் ரத்தக்கசிவும் கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டது. முடிவு 2013-இல் வெளியானது.

வார்ஃபரினின் வேலையைக் கீரை குறைக்கும் என்று அதை அடியோடு ஒதுக்குபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் போதும், அதற்கேற்ப டோஸை அமைத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் எதுவுமில்லை, மறுவாரம் தினமும் என்றால்தான் அளவு தடுமாறும். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைதான் பெரிய வில்லன், ரத்தக்கசிவைக் கூட்டிவிடலாம். வார்ஃபரின் ஒரு வேளை விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகப் போடாதீர்கள்.

மெக்கானிக்கல் வால்வின் 'டிக்' சத்தம் இரவின் அமைதியில் காதில் விழும். எரிச்சலாக இருந்தாலும் அது ஆரோக்கியத்தின் சத்தம். திடீரென மங்கினாலோ நின்றாலோ வால்வில் ரத்தம் உறைந்திருக்கலாம். கூடவே மூச்சு வாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே கிளம்ப வேண்டும்.

பல் மருத்துவரிடம் செயற்கை வால்வு இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். ஈறில் ரத்தம் வரும் சிகிச்சைக்கு முன் இவர்களுக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படும். காரணம் தெரியாத காய்ச்சல் சில நாள் நீடித்தால், வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைப் போட்டுக்கொள்ள வேண்டாம். வால்வில் கிருமி குடியேறியிருந்தால் அதை ரத்த கல்ச்சர் பரிசோதனையில் பிடிக்க வேண்டும். இரண்டு மாத்திரை உள்ளே போய்விட்டாலே கிருமி கல்ச்சரில் வளராமல் போகலாம், காய்ச்சலோ சில நாள் அடங்கியிருந்து மறுபடி வரும்.