மலைக்குடிலில் முதல் இரவு: முன்பதிவு முதல் அடுப்பு பற்றவைப்பது வரை

நியூசிலாந்தின் வெலிங்டனுக்குக் குடிவந்து மூன்று வருடம் கழித்துத்தான் முதன்முதலாக ஒரு மலைக்குடிலில் தங்கினேன். அன்றிரவு குளிரில் தூங்கவே இல்லை. நடை ஒன்றும் கஷ்டமாக இல்லை. அங்கே போய் அடுப்புப் பற்றவைக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். கிராமத்து விறகடுப்பை ஊதி வளர்ந்தவன் நான், அந்தத் தைரியத்தில் போனதுதான் வினை.

நியூசிலாந்தில் இந்த நடைக்கு 'ட்ராம்பிங்' என்று பெயர், தங்கும் இடம் 'ஹட்'. நாடு முழுக்க 900-க்கும் மேற்பட்ட ஹட்டுகளை இயற்கைப் பாதுகாப்புத் துறை பார்த்துக்கொள்கிறது. 'டாக்' (DOC, ஆங்கிலப் பெயரின் சுருக்கம்) என்று சொன்னால்தான் இங்கே எல்லாருக்கும் புரியும். இவற்றில் கணிசமானவை 1950, 60களில் அன்றைய வனத்துறை கட்டியவை. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட மான்கள் பெருகிக் காட்டை மேய்ந்து தீர்த்ததால், அவற்றைச் சுட ஆள் வைத்தார்கள். அந்த ஆட்கள் தங்கத்தான் இந்த ஆறு படுக்கைக் குடில்கள். விடுதி மாதிரி எதையும் எதிர்பார்க்காதீர்கள். மெத்தை இருக்கும், போர்வை இருக்காது. தண்ணீர்த் தொட்டி இருக்கும், மின்சாரம் இருக்காது. கழிவறை என்பது வெளியே, குழிக்கு மேல் ஒரு பெட்டி.

1. எந்தக் குடில்?

வெலிங்டன் பக்கம் இருப்பவர்களுக்கு என் சிபாரிசு டராருவா மலைத்தொடரில் உள்ள அடிவாகடு ஹட். மாஸ்டர்டன் அருகே ஹோல்ட்ஸ்வொர்த் சாலை முடிகிற இடத்தில் காரை நிறுத்தினால், ஓடையை ஒட்டியே இரண்டரை, மூன்று மணி நேர நடை. பெரிய ஏற்றம் கிடையாது. அதே இடத்திலிருந்து மேலே போகும் பவல் ஹட், ஜம்போ ஹட் இரண்டுக்கும் காட்சி அபாரம்தான். ஆனால் அவை மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே, காற்று ஆளைத் தள்ளும் இடம். முதல் தடவைக்கு வேண்டாம். டாக் இணையதளத்தில் முன்பதிவு செய்துவிட்டே கிளம்புங்கள். சின்னச் சின்னக் குடில்கள் பலவற்றுக்கு முன்பதிவு இல்லை, முதலில் வந்தவருக்குப் படுக்கை.

வழிகாட்டிப் பலகைகளில் தூரத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் நேரம்தான் போட்டிருக்கும். அது இங்கே மலையேறிப் பழகிய கால்களுக்கான கணக்கு. நான் எப்போதும் ஒன்றரை மடங்கு போட்டுக்கொள்வேன்.

2. பை

பட்டியல் எல்லாத் தளங்களிலும் கிடைக்கும். என் பிடிவாதங்களை மட்டும் சொல்கிறேன்.

பருத்தி வேண்டவே வேண்டாம். நமக்குப் பருத்திதான் உயிர், தெரியும். ஆனால் நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், காயவும் காயாது. ஜீன்ஸ் அதைவிட மோசம். கம்பளி பனியன், கம்பளி சாக்ஸ். மழைக்குப் பைக்கு மேலே போடும் உறை வேண்டாம், டராருவா காற்று அதைக் கழற்றிக்கொண்டு போய்விடும். பைக்கு உள்ளே ஒரு பெரிய தடித்த பிளாஸ்டிக் பையைப் போட்டு, எல்லாவற்றையும் அதற்குள் வையுங்கள். செல்போன் சிக்னல் கிடைக்காது, அதனால் பி.எல்.பி. எனும் அவசர பீக்கன் (செயற்கைக்கோள் வழியாக மீட்புக் குழுவை அழைக்கும் கருவி) கட்டாயம். வாங்க வேண்டியதில்லை, வாடகைக்கே கிடைக்கும்.

சாப்பாட்டுக்கு வறுத்த ரவை, பாசிப்பருப்பு, ரசப்பொடி. துவரம்பருப்பை எடுத்துப் போனால் வேகவைத்தே கேஸ் தீர்ந்துவிடும். தாளிக்க வேண்டும் என்றால் ஜன்னலைத் திறந்துவிட்டுத் தாளியுங்கள். இருபது பேர் படுக்கப்போகும் அறையில் பெருங்காயம் விடியும்வரை நிற்கும். கேஸ் அடுப்பு எரியும்போது எப்படியும் காற்றோட்டம் வேண்டும்.

3. சொல்லிவிட்டுப் போவது

எந்த வழியாகப் போகிறீர்கள், எந்த நாள் எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் இங்குள்ள அவசர எண்ணான 111-ஐக் கூப்பிட வேண்டும் என்று ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். 'ஞாயிற்றுக்கிழமை வந்துருவேன்' என்று சொல்வது போதாது, மணி வேண்டும். குடிலுக்குப் போனதும் அங்குள்ள பதிவேட்டிலும் பெயரும் அடுத்துப் போகும் இடமும் எழுதுங்கள். தங்காமல் கடந்துபோனாலும் எழுதுங்கள். தேட வருபவர்கள் முதலில் புரட்டுவது அதைத்தான்.

4. நடை

வழி காட்ட மரங்களில் அடித்திருக்கும் ஆரஞ்சு நிற முக்கோணங்களைப் பார்த்துக்கொண்டே போங்கள். கொஞ்ச தூரம் எதுவும் கண்ணில் படவில்லை என்றால் கடைசியாகப் பார்த்த முக்கோணத்துக்குத் திரும்புங்கள். பாலம் இல்லாத ஓடை மழையில் பெருகியிருந்தால் இறங்காதீர்கள். இந்த மலை ஓடைகள் ஏறும் வேகத்திலேயே வடியவும் வடியும். சில மணி நேரம் காத்திருப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது. திங்கள்கிழமை ஆபீஸ் போனால் போகிறது.

5. அடுப்பு

இதற்குத்தான் இந்தப் பதிவே.

நான் போனது ஒரு பழைய ஆறு படுக்கைக் குடில். சாயங்காலம் ஐந்து மணி, நல்ல மழை, உள்ளே ஒரு இரும்புப் பெட்டி அடுப்பு. காகிதத்தைக் கசக்கி வைத்து, மேலே விறகை அடுக்கி, குனிந்து ஊதினேன். பாட்டி வீட்டு அடுப்பு அப்படித்தான் எரியும். இங்கே ஊத ஊதப் புகை என் முகத்துக்கே திரும்பி வந்தது. அரை மணி நேரத்தில் குடில் முழுக்கப் புகை. ஏற்கெனவே படுத்திருந்த இருவர் எழுந்து மழையில் வெளியே போய் நின்றார்கள். அவர்களில் வயதானவர் திரும்பி வந்து, ஒன்றும் சொல்லாமல், அடுப்புக்குக் கீழே இருந்த சின்ன நெம்புகோலை ஒரு விரலால் இழுத்தார். 'டக்' என்று ஒரு சத்தம். காற்று வழியை நான் திறக்கவே இல்லை.

நம் விறகடுப்பு திறந்த அடுப்பு. இது மூடிய பெட்டி. காற்று கீழே ஒரு துளை வழியாக உள்ளே போய், மேலே குழாய் வழியாக வெளியேற வேண்டும். ஊதி எந்தப் பயனும் இல்லை.

முதலில் கீழ்த்துளையை முழுக்கத் திறங்கள். புகைக்குழாயில் கைப்பிடி இருந்தால் அதையும். சாம்பல் நிறைந்திருந்தால், ஆறிய சாம்பலை மட்டும், இரும்பு வாளியில் அள்ளுங்கள்.

அடுத்து விறகு. வெளியே நனைந்திருக்கும் கட்டையைப் பிளந்தால் உள்ளே பெரும்பாலும் காய்ந்திருக்கும். பல குடில்களில் கோடாலி உண்டு. அந்த உள்பக்கத்திலிருந்து பென்சில் தடிமனில் இரண்டு கைப்பிடி சீவிக்கொள்ளுங்கள். இரண்டு கைப்பிடி என்றால் இரண்டு கைப்பிடி. நான் ஐந்தாறு குச்சியோடு நிறுத்தி, நேராகப் பெரிய கட்டையை வைத்தேன்.

மூன்றாவது, குழாய் ஜில்லென்று இருந்தால் புகை மேலே ஏறாது, அறைக்குள் வழியும். ஒரு காகிதத்தை முறுக்கிப் பற்றவைத்து, அடுப்பின் உச்சியில் குழாய் வாய்க்கு அருகே பிடியுங்கள். உள்ளே 'விர்ர்' என்று இழுக்கும் சத்தம் கேட்கும். அது கேட்டபிறகு கீழே இருக்கும் சீவல்களைப் பற்றவையுங்கள்.

பற்றவைக்க என்ன? கடைகளில் விற்கும், தீமூட்டும் வெள்ளைக் கட்டிகளை நான் இப்போது வாங்குவதில்லை. அன்றிரவு வெளியே போய் நின்ற இன்னொருவர், ஒரு பெண், தன் பையிலிருந்து பழைய சைக்கிள் டியூபின் துண்டை எடுத்துக் கொடுத்தார், இரண்டு விரல் அகலம். நாறும், கரும்புகை விடும், ஆனால் சொட்டச் சொட்ட நனைந்தாலும் துடைத்துவிட்டுப் பற்றவைத்தால் எரியும். இங்கே பழைய ஆட்கள் எல்லார் பையிலும் அது இருக்கிறது.

பற்றியதும் கதவை முழுக்கச் சாத்தாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். கட்டை பிடித்துக்கொண்டதும் சாத்திவிட்டுக் காற்றைப் பாதியாகக் குறையுங்கள். குறைக்காவிட்டால் இரவு பத்து மணிக்கு அறை கொதிக்கும், விறகும் தீர்ந்துவிடும்.

6. இரவும் காலையும்

படுக்கை பெரும்பாலும் நீளமான மேடை. கல்யாண மண்டபத்தில் பாய் விரித்துப் படுப்பது போல வரிசையாகப் படுக்க வேண்டியதுதான். காதடைப்பான் எடுத்துப் போங்கள், குறட்டைக்கு ஊர் பேதம் இல்லை. பூட்ஸ் வாசலிலேயே. விடியற்காலையில் கிளம்புவதாக இருந்தால் இரவே பையை அடுக்கிவிடுங்கள், ஐந்து மணிக்குப் பிளாஸ்டிக் சரசரப்பைவிடக் கொடுமை வேறில்லை.

கிளம்பும்போது கூட்டிவிட்டு, ஜன்னல்களைச் சாத்தி, குப்பையைக் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் காய்ந்த சீவல் ஒரு கைப்பிடி வைத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். அடுத்து வருபவர் நனைந்துகொண்டு வரலாம்.

பின்சேர்க்கை 1: சென்னையிலிருந்து வரும் ஒருவர் கேஸ் சிலிண்டரை விமானத்தில் கொண்டுவரலாமா என்று கேட்டிருந்தார். கூடாது. செக்-இன் பையிலும் கூடாது, இங்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். போட்டுப் பழகிய பூட்ஸ் கொண்டுவந்தால், மண் துளியும் இல்லாமல் கழுவி, நாட்டுக்குள் நுழையும்போது தரும் பயணி அறிவிப்புப் படிவத்தில் அறிவித்துவிடுங்கள். மசாலாப்பொடிகளையும்தான். அறிவிக்காமல் மாட்டினால் அபராதம்.

பின்சேர்க்கை 2: எலி ரவைப் பையைக் கடித்துவிட்டதாக இருவர் எழுதியிருந்தீர்கள். என் தவறு, சொல்ல விட்டுப்போயிற்று. சாப்பாட்டைத் தரையில் வைக்காதீர்கள், சுவரில் இருக்கும் கொக்கியில் தொங்கவிடுங்கள்.

பின்சேர்க்கை 3: டியூப் எங்கே கிடைக்கும்? சைக்கிள் கடையில் பஞ்சரான டியூப் கேளுங்கள், தூக்கிப்போட வைத்திருப்பதை எடுத்துக் கொடுப்பார்கள். உள்ளே வெள்ளைப் பவுடர் இருக்கும், கழுவிக் காயவைத்து வெட்டுங்கள். ஒரு இரவுக்கு இரண்டு துண்டு போதும். நான் நாலு கொண்டுபோகிறேன்.