இரட்டைச் சர்வரை அணைத்து ஏற்றும்போது நடக்கும் தவறுகள்

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை என்று அறிவிப்பு முன்கூட்டியே வந்தாலும், கப்பலூரிலும் கே.கே. நகரிலும் பல அலுவலகங்களுக்குச் சர்வர் அறை ஞாபகம் வருவது 8.50-க்குத்தான். ‘ரெண்டு சர்வர் இருக்கே, ஒண்ணு நின்னா இன்னொண்ணு பார்த்துக்கும்’ என்ற தைரியம். ஒன்று எதிர்பாராமல் விழுந்தால் தாங்கத்தான் அந்த ஏற்பாடு. இரண்டையும் வேண்டுமென்றே நிறுத்துகிறோம் என்பதை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

சொல்லாமல் முதல் சர்வரை அணைத்தால், கிளஸ்டர் (இரண்டு சர்வரையும் ஒன்றாக இயக்கும் ஏற்பாடு) அதைக் கோளாறாக எடுத்துக்கொண்டு வேலையை இரண்டாவதற்கு மாற்றிவிடும். இடையில் போட்ட பில்கள் இரண்டாவதில் மட்டுமே இருக்கும். மாலையில் பழக்கதோஷத்தில் முதல் சர்வரையே முதலில் ஏற்றினால், அது பழைய தரவோடு ஓடத் தொடங்கும் அபாயம் உண்டு. அப்புறம் இரண்டு பிரதிகளையும் உட்கார்ந்து கையால்தான் சேர்க்க வேண்டும்.

ஆகவே பயனர்களை வெளியேற்றி, கிளஸ்டரைப் பராமரிப்பு நிலைக்கு (தானாக வேலையை மாற்றாத நிலைக்கு) மாற்றுங்கள். பிறகு அப்ளிகேஷன், டேட்டாபேஸ், சர்வர்கள், ஸ்டோரேஜ், சுவிட்ச் என்ற வரிசையில் நிறுத்துங்கள். டேட்டாபேஸ் கடைசியாக நின்ற சர்வர் எது என்று எழுதி ரேக்கில் ஒட்டுங்கள். ஏற்றும்போது அதுதான் முதல். கலேரா என்ற டேட்டாபேஸ் கிளஸ்டரில் ‘சேஃப் டு பூட்ஸ்ட்ராப்’ (இதை முதலில் ஏற்றலாம்) வரியில் 1 இருக்கும் சர்வர் அதுதான். எல்லாவற்றிலும் 0 என்றால் ஒழுங்காக நிற்கவில்லை என்று பொருள். கடைசிப் பரிவர்த்தனை எண்ணை ஒப்பிடாமல் அதை 1 ஆக்காதீர்கள்.

பவர் பட்டனை நான்கைந்து விநாடி அழுத்திப் பிடிப்பது அணைப்பது ஆகாது. பிளக்கைப் பிடுங்குவதும் அதுவும் ஒன்றுதான்.

அணைக்கும் முன் ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தரவைக் காக்கும் ஏற்பாடு) நிலையைப் பாருங்கள். ஒரு டிஸ்க் ஏற்கெனவே பழுது என்றால், வருடக்கணக்கில் நிற்காமல் சுழன்ற மற்றொன்று மறுபடி சுழலாமல் போகலாம். பழுதான டிஸ்க்கை மாற்றி, புதியதில் தரவு மறுபடி நிரம்பும் ரீபில்டு முடியட்டும், நேரமில்லையென்றால் பேக்கப்பாவது எடுங்கள்.

சர்வரின் இரண்டு பவர் சப்ளையையும் ஒரே யுபிஎஸ்ஸில் செருகியிருந்தால், அந்த யுபிஎஸ் போனால் இரண்டும் போச்சு.

கரண்ட் வந்த உடனே எதையும் ஏற்றாதீர்கள். வந்த கரண்ட் மறுபடி போவது நமக்குப் புதிதல்ல. யுபிஎஸ் பேட்டரியும் காலியாக இருக்கலாம். முதலில் ஏசி. சித்திரை வெயிலில் பூட்டிக் கிடந்த அறை 27 டிகிரிக்குக் கீழே வரட்டும். அடுத்து சுவிட்ச், ஸ்டோரேஜ். ஸ்டோரேஜின் விளக்குகள் நிலைத்த பிறகே சர்வர். பயாஸில் (சர்வரின் அடிப்படை அமைப்பில்) ‘கரண்ட் வந்ததும் தானாக ஏறு’ என்றிருந்தால் இந்த வரிசையே குலையும், அதை அணைத்து வையுங்கள். இரண்டாவது சர்வர் ஏறி, பிரதிகள் ஒத்துப்போன பிறகு பராமரிப்பு நிலையை எடுத்துவிட்டுப் பில்லிங் கவுண்டரைத் திறக்கச் சொல்லுங்கள்.