உருவமும் கன அளவும் கொண்டு பொருளின் நிலையை அறிவது எப்படி?

ஒரு பொருள் திண்மமா, நீர்மமா, வாயுவா என்று கேட்டால், பெரும்பாலான மாணவர்கள் அதைத் தொட்டுப் பார்த்தே விடை சொல்லிவிடுகிறார்கள். கெட்டியாக இருந்தால் திண்மம், ஓடினால் நீர்மம், கண்ணுக்குத் தெரியாவிட்டால் வாயு என்னும் அந்தக் கணிப்பு, மணலும் பஞ்சும் முன்னால் வந்தவுடன் தடுமாறத் தொடங்கும். உருவத்தையும் கன அளவையும், அதாவது பொருளின் வெளிவடிவத்தையும் அது அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவையும், தனித்தனியே சோதிப்பதே நம்பத்தக்க வழி. திண்மத்துக்கு இரண்டும் நிலையானவை. நீர்மத்துக்குக் கன அளவு மட்டுமே நிலையானது. வாயுவுக்கு இரண்டுமே நிலையில்லை.

கன அளவுச் சோதனையை முதலில் செய்யுங்கள். வாயுவை அது உடனே பிரித்துக் காட்டிவிடும். ஊசி இல்லாத 10 மில்லிலிட்டர் சிரிஞ்சு ஒன்றில் தண்டை மேல்கோடு வரை இழுத்து, முனையை விரலால் இறுக அடைத்துக்கொண்டு, தண்டை அழுத்துங்கள். உள்ளே உள்ள காற்று சுருங்கித் தண்டு நன்றாக இறங்குவதையும், கையை எடுத்தவுடன் அது தானாக மேலேறுவதையும் காண்பீர்கள். அழுத்தம் இரு மடங்கானால் காற்றின் கன அளவு ஏறத்தாழப் பாதியாகும் என்பது 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி. அதே சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி அழுத்தினால் தண்டு அசையாது. சற்றே அசைந்தால் உள்ளே குமிழி சிக்கியிருக்கிறது. முனையை மேல்நோக்கிப் பிடித்து, விரலால் சுண்டி, குமிழியை வெளியேற்றிவிட்டு மீண்டும் அழுத்த வேண்டும்.

அடுத்தது உருவம். இதற்குக் குளிர்ந்த காலையில் உறைந்துபோன தேங்காயெண்ணெய்ப் புட்டியைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. புட்டியைச் சாய்த்து வைத்து உறையவிட்டு, பின்னர் நிமிர்த்திப் பாருங்கள்: எண்ணெயின் மேற்பரப்பு சாய்ந்தபடியே நிற்கும். வெயிலில் வைத்தால், ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசைக் கடந்ததும் அது உருகத் தொடங்கும். முழுதும் உருகிய பிறகு புட்டியை எப்படிச் சாய்த்தாலும் மேற்பரப்பு கிடைமட்டமாகவே அமையும். எனவே ஒரு பொருளின் நிலையைக் குறிக்கும்போது எந்த வெப்பநிலையில் பார்த்தோம் என்பதையும் சேர்த்து எழுதுவது அவசியம்.

உப்பு, சர்க்கரை, மணல் ஆகியவற்றில்தான் மாணவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். அவற்றைக் கொட்டினால் சரிகின்றன, போட்ட பாத்திரத்தை நிரப்புகின்றன, ஆகவே நீர்மம் என்று அவர்கள் வாதிடுவது நியாயமான வாதமே. ஆசிரியர் அதைப் புறந்தள்ளக் கூடாது. உப்பைத் தட்டில் கொட்டி, அது பரவி மட்டமாகாமல் குவியலாக நிற்பதைக் காட்டுங்கள். பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஒரே ஒரு படிகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தூள் உப்பானால் பல படிகங்கள் சிறு கனசதுரங்களாகத் தெரியும். பாத்திரம் மாறினாலும் அந்த வடிவம் மாறுவதில்லை. உருவச் சோதனையைக் குவியலுக்குச் செய்யாமல் தனித் துகளுக்குச் செய்ய வேண்டும் என்பதே இங்கு பிடித்துக்கொள்ள வேண்டிய செய்தி. கன அளவிலும் இதே எச்சரிக்கை தேவை. 50 மில்லிலிட்டர் உலர்ந்த மணலில் 50 மில்லிலிட்டர் நீரை ஊற்றினால் மொத்தம் 100-ஐ எட்டாது; மணிகளுக்கு இடையே இருந்த காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. பஞ்சும் நுரைமெத்தையும் அமுங்குவதற்கும் அவற்றின் துளைகளில் இருக்கும் காற்றே காரணம்.

தாரைப் போன்ற பொருள்களுக்குப் பொறுமை வேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் 1927-இல் தொடங்கிய சோதனையில், சுத்தியலால் அடித்தால் நொறுங்கக்கூடிய கீல் (தாரைப் போன்ற கரும்பிசின்) புனல் வழியே சொட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்பதாவது துளி விழுந்த ஆண்டு 2014. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு முடிவெடுத்திருந்தால் அதைத் திண்மம் என்றே எழுதியிருப்போம்.

அழுத்தத்தின் பங்கை அறிய, ஒளி ஊடுருவும் சிகரெட் லைட்டர் ஒன்றைப் பற்றவைக்காமல் சாய்த்துப் பாருங்கள். உள்ளே இருப்பது பியூட்டேன். அழுத்தி அடைக்கப்பட்டிருப்பதால் மட்டமான மேற்பரப்புள்ள நீர்மமாகத் தெரிகிறது. வெளியேறியவுடன் அதுவே வாயுவாகிக் காற்றில் கலந்துவிடும். சமையல் எரிவாயு உருளையிலும் பெரும்பகுதி நீர்மமாகவே இருக்கிறது. ஆகவே பதிவேட்டில் ‘பியூட்டேன், வாயு’ என்று மட்டும் எழுதாமல், ‘அறை வெப்பநிலையில், வளிமண்டல அழுத்தத்தில் வாயு’ என்று எழுதப் பழக்குங்கள்.

பற்பசை, கெட்டித் தயிர் போன்றவற்றை இந்தச் சோதனைகளுக்கு உட்படுத்தினால் தெளிவான விடை வராது. பிதுக்கிய பற்பசை தூரிகைமேல் வடிவம் குலையாமல் நிற்கும், அழுத்தினால் வழியும். அது நீர்மத்தில் நுண்ணிய திண்மத் துகள்கள் விரவிய கலவை. இவற்றை மூன்றில் ஒரு கட்டத்துக்குள் திணிக்காமல், ‘கலவை’ என்று தனியே குறித்து வைக்கச் சொல்லுங்கள்.